இருபது தூண்களும் ஒரு வெளிக்கல்லும்

விசில் அடித்தது. இருபது பேரும் குனிந்தோம்.

எங்கள் ஊர்ச் சாவடியின் இருபது கல்தூண்களுக்கும் அடியில் குழி தோண்டியிருந்தார்கள். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு திருகு ஜாக்கி. ஜாக்கியின் துளைக்குள் ஒரு முழ நீளக் கம்பி. கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தூணுக்கு ஓர் ஆள். நான்காம் தூணின் ஆள் நான்.

“கால் சுத்து சுத்துங்க. அதுக்கு மேல ஒரு நூலு எச்சா வேண்டாமுங்க,” என்று நடுக்கூடத்தில் நின்று சொன்னான் மாரிமுத்து. “விசிலடிச்சா சுத்தோணும். விசிலு நின்னா கையும் நிக்கோணும். அதுக்கு மேல இதுல ஒரு வித்தையும் இல்லீங்க.”

இடது கையால் தூணை அணைத்துக்கொண்டு, வலது கையால் கால் சுற்றுச் சுற்றினேன். ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மாரிமுத்து நீர்மட்டக் குழாயைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஏறிருச்சுங்க,” என்றான்.

யார் கட்டியது, எப்போது கட்டியது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாத ஒரு கட்டடம், கல்லும் மரமும் ஓடுமாகத் தரையிலிருந்து மயிரிழை மேலே போயிருந்தது. அதில் இருபதில் ஒரு பங்கை என் கை தூக்கியிருந்தது. சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் தண்ணீர்க் கேனைக் கவிழ்க்க எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடும் அதே கை.

காலையில் கிளம்பும்போது என் மனைவி கேட்டாள்: “நீங்களா? சாவடியைத் தூக்கப் போறீங்களா?” நான் பெருமையாகத் தலையாட்டினேன். “அப்ப ஊருல யாரையும் பக்கத்துல நிக்க வேண்டாம்னு சொல்லிருங்க,” என்றாள்.

அவள் சொன்னது கிட்டத்தட்ட நடந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

ரோடு வளர்ந்த கதை

நிற்கிற கட்டடத்தை எதற்காகத் தூக்க வேண்டும் என்று நகரத்து வாசகர்கள் கேட்கலாம். ரோடு வளர்ந்துவிட்டது, அதுதான் காரணம்.

மனிதர்களுக்கு வயதானால் உயரம் குறைகிறது. எங்கள் ஊர் ரோடு மட்டும் வயதாக ஆக வளர்ந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய தார். அதன்மேல் இன்னொரு தார். ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கம் என்பதோடு விடுகிறேன். பெயரைச் சொன்னால் அடுத்த நோம்பிக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, எனக்கு இலை போடமாட்டார்கள்.

நான் படிக்கிற காலத்தில் சாவடிக்குள் போக மூன்று படி ஏற வேண்டும். பிறகு அது ஒரு படியானது. பிறகு சமமானது. கடைசியாக ரோட்டிலிருந்து சாவடிக்குள் இறங்க வேண்டியதாயிற்று. ஐப்பசி மழைக்கு உள்ளே முழங்கால் தண்ணீர். அந்த மாதம் சாவடியில் தவளைகள்தாம் கூட்டம் நடத்தின. எங்களைவிட ஒற்றுமையாக நடத்தின என்று கேள்வி.

இடித்துவிட்டு கான்கிரீட்டில் மண்டபம் கட்டலாம் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. ஊர்த் தலைவர் நல்லசாமி, “இடிக்கறதுன்னா மொதல்ல என்னை இடிங்க,” என்றார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய உடம்பும் அந்தப் பட்டறையிலேயே கட்டியது போல இருக்கும். இடிக்கும் யோசனை அத்துடன் கைவிடப்பட்டது.

இடிக்காமல் இருந்ததற்கு நான் இன்றும் அவருக்குக் கும்பிடு போடுவேன். இருபது தூணும் ஒவ்வொன்றும் ஒரே கல். எந்தத் தூணும் இன்னொன்றின் பருமன் இல்லை. ஆனால் மேலே விட்டம் உட்காரும் இடத்தில் இருபதும் ஒரே மட்டம். விட்டத்துக்கும் தூணுக்கும் நடுவில் ஆணி கிடையாது. எடை மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான்கு பக்கமும் திறப்பு. சுவர் இல்லை, கதவு இல்லை. நடுவில் நின்று பேசினால் மூலையில் இருப்பவருக்குக் கிசுகிசுப்புகூடக் கேட்கும். இதனால் எங்கள் ஊரில் ரகசியம் பேசுகிறவர்கள் சோளக்காட்டுக்குப் போய்விடுவார்கள்.

கை வைப்பது

இருபது தூணும் இருபது வகையறாவுக்கு உரியவை. நோம்பி எப்போது சாட்டுவது, ஏரித் தண்ணீரை எப்போது திறப்பது என்று ஊருக்குப் பொதுவான எந்த முடிவும் இங்கேதான். ஓட்டெடுப்பு கிடையாது. தலைவர் விஷயத்தை மூன்று தரம் உரக்கச் சொல்வார். சம்மதப்பட்டவர் தம்முடைய தூணில் உள்ளங்கையை வைப்பார். இருபது தூணிலும் கை இருந்தால் முடிவு. பத்தொன்பதில் இருந்தால் முடிவில்லை. மறுபடியும் பேச வேண்டியதுதான்.

என் அப்பா காலத்தில் சாவடிக்கு டியூப் லைட் போடலாம் என்று பேச்சு வந்தது. ஆறாம் தூண்காரர் கை வைக்கவில்லை. பூச்சி வரும் என்றார். மூன்று நாள். பத்தொன்பது குடும்பமும் வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து, அவருக்கும் போட்டு, உட்கார்ந்தே இருந்தது. கடைசியில், என் தூணுக்குப் பக்கத்தில் போடாமல் இருந்தால் சரி என்றார். எங்கள் நான்காம் தூணுக்கு நேர் மேலே போட்டார்கள். பூச்சி வரும் என்று அவர் சொன்னது உண்மை. அந்தப் பூச்சிகளெல்லாம் அன்றிலிருந்து எங்கள் வகையறாவின் தலையில்தான் விழுகின்றன.

சிரிப்பாகச் சொன்னாலும் எனக்கு இதில் ஒரு பிரமிப்பு உண்டு. உலகத்தின் பெரிய சபைகளைப் பற்றியெல்லாம் தலையணைத் தடிப்புப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். ஒற்றை ஆளின் கைக்காகப் பத்தொன்பது பேர் மூன்று நாள் காத்திருந்த சபையை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

கொஞ்சம் கிழக்கே திரும்பிப் பார்த்தால் அந்தப் பிரமிப்பு பாதியாகிவிடும்.

சாவடிக்குக் கிழக்கே பத்தடி தள்ளி, தரையோடு தரையாக ஒரு பலகைக்கல். வெளிக்கல் என்பார்கள். ஊரை விட்டுத் தள்ளிக் குடிவைக்கப்பட்ட கிழக்கு வளவுக்காரர்கள் அங்கேதான் நிற்பார்கள். நோம்பிக்குக் கம்பம் வெட்டுவது, பந்தல் போடுவது, ஏரி மதகைத் திறப்பது எல்லாம் அவர்கள். தூண் கிடையாது. கையும் கிடையாது. இருபது கையும் வைத்து முடித்த பிறகு தலைவர் அந்தப் பக்கம் திரும்பி, “கேட்டுச்சா?” என்பார். “கேட்டுச்சுங்க,” என்று பதில் வரும்.

கதவே இல்லாத கட்டடத்துக்குள் தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டத்தை நுழைய விடாமல் வைத்திருப்பது சாதாரணக் காரியம் இல்லை. எங்கள் முன்னோர் அதையும் ஆணி இல்லாமலே செய்திருந்தார்கள்.

மாரிமுத்து கிழக்கு வளவு. பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை என் பெஞ்சு. அதனால்தான் அவனை அவன் என்று எழுதுகிறேன். பெஞ்சில் இருக்கும்போது அவனும் என்னை வாடா போடா என்பான். பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டினால் ‘வாங்க போங்க’ ஆகிவிடும். நான் மட்டும் ரோட்டிலும் அதே வாடா போடாதான். அதை நட்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றடி

படிப்பை விட்டு லாரிப் பட்டறைக்குப் போன மாரிமுத்து, ஜாக்கிக்கு அடியில் படுத்தே வளர்ந்தவன். அப்புறம் கட்டடம் தூக்கும் கூட்டமொன்றோடு வடக்கே போய், பள்ளத்தில் கிடந்த வீடுகளையெல்லாம் தூக்கிப் பழகிக்கொண்டு திரும்பினான். இப்போது சேலத்திலும் குமாரபாளையத்திலும் அவன் தூக்கிய வீடுகள் இருக்கின்றன. உள்ளே குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கும்போதே வீட்டைத் தூக்குவான் என்று சொல்கிறார்கள்.

சாவடியைத் தூக்க ஆள் தேடியபோது விசாரித்த இடத்திலெல்லாம் அவன் பெயரைத்தான் சொன்னார்கள். ஊருக்கு வேறு வழி இல்லை.

அளவெடுக்க வந்த அன்று நானும் இருந்தேன். நல்லசாமி சொன்னார்: “மாரி, முறை மாறக்கூடாது. இருக்கறது இருக்கறாப்புலயே மேல போவோணும்.”

“போயிருமுங்க. மூணடி போவும். வெளிக்கல்லு?”

“அது சாவடியில சேராது.”

“செரிங்க.” மாரிமுத்து டேப்பைச் சுருட்டினான். “சாவடி மூணடி ஏறிரும். கல்லு ஏறாது. இத்தனை நாளு எங்காளுக அங்கிருந்து உங்க மொகத்தப் பாத்தாங்க. இனிமே உங்க காலத்தானுங்க பாக்கோணும்.”

நல்லசாமிக்கு முகம் மாறிவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. அவர் அதை யோசித்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

“இந்தக் காலத்துல யாரப்பா வேண்டாம்னா? உள்ள வரட்டுமே.”

“வாங்கன்னு யாருங்க சொன்னது?”

நானும் ஒருநாளும் சொன்னதில்லை. நான் அப்போது ஒரு தூணின் பருமனை மிகவும் உன்னிப்பாக ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

அடுத்தது யார் ஜாக்கியைச் சுற்றுவது என்ற கேள்வி. மாரிமுத்து தன் ஆட்களே சுற்றட்டும் என்றான். நல்லசாமி ஒத்துக்கொள்ளவில்லை. சுற்றும்போது மறுகை தூணைப் பிடிக்கும். அடுத்தவர் தூணில் கை வைப்பது முறையில்லை. கடைசியில் தூண் ஜாக்கிகளை அந்தந்த வகையறா ஆள் சுற்றுவது, இடைப்பட்ட கல்கட்டுக்கு அடியில் இருப்பவற்றை மாரிமுத்துவின் ஆட்கள் சுற்றுவது என்று முடிவானது. எங்கள் வகையறாவில் அண்ணனுக்கு மூட்டு வலி. ஆகவே நான்.

“உனக்குக் கை நடுங்காதில்ல?” என்று என்னைத் தனியாகக் கேட்டான் மாரிமுத்து. நெடுங்காலத்துக்குப் பிறகு ஒருமையில்.

நடுங்காது என்றேன். அது உண்மை. நடுங்கியிருந்தால் தேவலை.

ஐந்தாம் தூண்

இனி என் குற்றம்.

ஐந்தாம் தூண் என் பங்காளி பழனிசாமியுடையது. அவர் வகையறாவும் எங்கள் வகையறாவும் ஒரே அப்பனுக்குப் பிறந்த இரண்டு பேரிலிருந்து வந்தவை. அந்த இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பதில் ஆரம்பித்த தகராறு இன்னும் முடியவில்லை. நாங்கள் மூத்தவர்கள், ஆகவே நான்காம் தூண் என்பது எங்கள் கட்சி. மூத்தவனுக்குத்தான் மறைவு குறைந்த ஐந்தாம் தூணைக் கொடுத்தார்கள் என்பது அவர்கள் கட்சி. உண்மையில் எங்கள் நான்காம் தூணில் நின்றால் எதிரில் இருக்கும் பருத்த தூணைத் தவிர எதுவும் தெரியாது.

நான் படித்தவன். இப்படிப்பட்ட சண்டைகளைக் கிண்டல் செய்து வாராவாரம் எழுதுகிறவன். இருந்தும் பத்தாவது விசிலோ பதினோராவது விசிலோ நின்றபோது, ஓரக்கண்ணால் பார்த்தேன். பழனிசாமியின் தூணில் மட்டம் பார்க்கப் போட்டிருந்த நீலக்கோடு, என் கோட்டைவிட ஒரு நெல் மேலே இருப்பது போலத் தோன்றியது.

அது நான் குனிந்து பார்த்ததால் வந்த தோற்றம் என்று பிறகு தெரிந்தது. அப்போது தெரியவில்லை. என் கையும் என்னைக் கேட்கவில்லை. கம்பியை இன்னொரு கால் சுற்றுச் சுற்றிவிட்டது.

பழனிசாமி பார்த்துவிட்டார். இருமினார். இருமும்போது அவர் தோள் அசைந்தது. தோளோடு கம்பியும் அசைந்தது.

அதை ஆறாம் தூண் பார்த்தது. அவர் டியூப் லைட் பரம்பரை, சும்மா இருப்பாரா? அங்கிருந்து அது ஏழுக்கும் எட்டுக்கும் போனது. எதிர்வரிசையில் இருந்தவர்கள் எங்கள் வரிசை ஏறுவதைப் பார்த்துவிட்டு, தங்கள் வரிசையின் மானத்தைக் காப்பாற்றத் தொடங்கினார்கள்.

சாவடிக்கு மேலே ‘டக்’ என்று ஒரு சத்தம்.

பெரிய சத்தம் இல்லை. சொடக்குப் போட்டது போலத்தான். ஆனால் சுண்ணாம்புத் தூள் பொலபொலவென்று கொட்டியது. இரண்டு ஓடு நழுவி ரோட்டில் விழுந்தது. நடுவிட்டம் உட்கார்ந்திருந்த இடத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வாய் திறந்தது. அதன் வழியாக வானம் தெரிந்தது.

மாரிமுத்து நீளமாக ஊதினான். எல்லாக் கையும் நின்றது. கட்டடம் முழுக்க யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

அவன் குழாயோடு தூண் தூணாகப் போனான். நின்று படித்தான். நடுக்கூடத்துக்கு வந்தான்.

“யாருங்க எச்சாச் சுத்துனது?”

திட்டும்போதுகூட ‘ங்க’ போட்டுத் திட்டுவது எங்கள் பக்கத்துக் கலை. இருபது பேரும் கூரையைப் பார்த்தோம். நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தேன்.

கல்லில் நின்றவர்

“நாலாந்தூணுங்க.”

குரல் வெளியிலிருந்து வந்தது. வெளிக்கல்லில் கிழக்கு வளவுக்காரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசியவர் தங்கமணி, மாரிமுத்துவின் தங்கை. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கு உரிக்கும் வேலை.

“கண்ணாடி போட்டிருக்கறாரே, அவுருதான் மொதல்ல. விசிலு நின்ன பொறவு சுத்துனாரு. அப்பறம் அஞ்சு, இருமிக்கிட்டே. அப்பறம் ஆறு, ஏழு, எட்டு. எதிர்வரிசையில பதினாலு ஆரம்பிச்சுது. பன்னெண்டும் பத்தொம்பதும் ரெண்டு தரம். ஒண்ணாந்தூணும் பதினெட்டும் எச்சாச் சுத்துலீங்க. ஒண்ணாந்தூணு நல்லசாமி அய்யன் ஒழுங்கு.”

மாரிமுத்து தான் அளவு குறித்திருந்த துண்டுச்சீட்டைப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். அவர் சொன்னதில் ஓர் எண்கூடத் தவறவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாவடிக்குள் எந்தத் தூணில் நின்றாலும் ஏதோ ஒன்று மறைக்கும். இருபது தூணையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது அந்த வெளிக்கல். யார் கை எப்போது வைக்கிறார், யார் யாரைப் பார்த்து வைக்கிறார், யார் மனமில்லாமல் வைக்கிறார் என்று எல்லாவற்றையும் அத்தனை தலைமுறையாக அங்கிருந்து ஒரு கூட்டம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. எங்களை எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் பத்தடி தள்ளி நின்றிருக்கிறார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. அவமானமும் கூடவே இருந்ததால் எது எதனால் என்று சொல்லத் தெரியவில்லை.

மாரிமுத்து குழாயைக் கீழே வைத்தான்.

“தூணு வெச்சிருக்கறவிய சுத்துனா இது ஆவாதுங்க. அவியவிய தூணத்தான் தூக்குவீங்க. சாவடி எந்திரிக்காது, பொளந்துரும். இன்னிக்குக் கூட்டியாந்த என் வேலையாளுக அத்தனை பேரும் கல்கட்டு ஜாக்கியில இருக்கறாங்க. எனக்குத் தூணே இல்லாத ஆளு இருவது பேரு வேணும்.”

நல்லசாமிக்குப் புரிந்தது. “முறை...” என்று ஆரம்பித்தார்.

மேலே இன்னொரு பிடி சுண்ணாம்பு உதிர்ந்தது. பழனிசாமியின் மொட்டைத் தலையில் சரியாக விழுந்தது.

“இப்பிடியே உட்டா ராத்திரிக்குத் தாங்காதுங்க,” என்றான் மாரிமுத்து. “நீங்களே சொல்லுங்க. நானாக் கூப்புட மாட்டேன்.”

நல்லசாமி கூரையைப் பார்த்தார். விட்டத்தின் பிளவைப் பார்த்தார். பிறகு படி இருந்த இடத்துக்கு மெதுவாக நடந்து போய், கிழக்கே பார்த்து நின்றார். அந்தப் பக்கம் திரும்பி அவர் சாவடியில் இருந்து இதுவரை சொன்னது “கேட்டுச்சா?” ஒன்றுதான்.

“வாங்க,” என்றார். “உள்ள வாங்க சாமி.”

அடியில் வெயில்

பெண்கள் பன்னிரண்டு பேர், ஆண்கள் எட்டுப் பேர் உள்ளே வந்தார்கள். வரும்போது ஒருவரும் அவசரப்படவில்லை. தங்கமணி நேராக நான்காம் தூணுக்கு வந்து, “கம்பியக் குடுங்க,” என்றார். கொடுத்தேன். “கண்ணாடியத் தொடச்சுக்குங்க, சுண்ணாம்பா இருக்குது,” என்றார். துடைத்துக்கொண்டேன்.

கூடிப்போன தூண்களை முதலில் இறக்கினார்கள். விட்டத்தின் வாய் மூடியது. பிறகு விசில்.

நான் என் வாழ்க்கையில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இருபது கையும் ஒரே கை. விசில், கால் சுற்று, அமைதி. மாரிமுத்து பாதி நேரம் குழாயைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கல்லின் சத்தத்தைக் கேட்டான். தாங்குவதற்கு அடியில் செங்கல் வரிசை ஏற ஏற, ஜாக்கிகளை மாற்றி மாற்றி, மறுபடி விசில்.

மதியத்துக்குச் சற்று முன் ஒருவர் கூவினார். எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

சாவடிக்கு அடியில் வெயில். அடிக்கல்லுக்கும் பூமிக்கும் நடுவில் ஒரு கோடு வெளிச்சம், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை நீண்டிருந்தது. கட்டிய நாளிலிருந்து வெயிலே படாத மண். அந்தக் கோட்டின் வழியாகச் சாவடிக்கு அந்தப் பக்கம் நின்ற ஓர் ஆட்டின் கால்கள் தெரிந்தன. இருபது தூணும் அத்தனை ஓடும் காற்றில் நின்றன. நான் எழுத்தாளன், ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தபடி நின்றேன்.

நான்காம் நாள் மூன்றடி வந்ததும் மாரிமுத்து குறுக்காகக் கையை வீசினான். விசில் வாயிலிருந்து விழுந்து கயிற்றில் ஆடியது. முடிந்தது. ஆனால் இருபது பேரும் எழவில்லை. களைப்பில் எல்லோரும் தூணைப் பிடித்தபடி இருந்தார்கள்.

தங்கமணிதான் முதலில் கவனித்தார்.

“தலைவருங்களே, இருவது தூணுலயும் கை இருக்குது. ஒண்ணு கேக்கலாமுங்களா?”

நல்லசாமி சுற்றிப் பார்த்தார். இருந்தது.

“எங்க வளவுக்கும் ஒரு கை வேணுமுங்க. வெளிய நின்னு கேக்கறதில்ல. உள்ள நின்னு வெக்கறது.” மூன்று தரம் சொன்னார், முறைப்படி.

“அம்மிணி, அது அவிய அவிய தூணுல அவிய அவிய கையா இருக்கோணும்.”

“அப்ப நீங்களும் வந்து வையுங்க.”

முதலில் நான் போனேன். பெருந்தன்மை என்று யாரும் எழுதி அனுப்ப வேண்டாம். அந்தப் பிளவைத் திறந்துவிட்ட கை வேறு எங்கே போகும்? நான்காம் தூணில், தங்கமணியின் கைக்கு மேலே ஒரு சாண் விட்டு என் கையை வைத்தேன். கல் சுட்டது.

நான்காம் தூண் வைத்துவிட்டால் ஐந்தாம் தூண் சும்மா இருக்குமா? பழனிசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். “நாங்க என்ன எளச்சவியளா?” அடுத்து ஆறு. ஏழு. எட்டு. எதிர்வரிசை எங்கள் வரிசைக்குப் பிந்துவதாவது! முதல் நாள் கூரையைப் பிளந்த அதே வியாதி, ஒரு தூணும் விடாமல் சுற்றி வந்தது. கடைசியில் ஒன்றாம் தூண் மட்டும் பாக்கி.

நல்லசாமி மாரிமுத்துவைப் பார்த்தார். “முறை மாறக்கூடாதுன்னு சொன்னது நாந்தானே,” என்றார். “முறைன்னா முறைதான்.” வைத்தார்.

இருபது தூண், இருபத்தொரு பங்கு. இன்னொரு தூண் நட்டுவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். மாரிமுத்து சிரித்தான். “பாரமே தாங்காத தூணு எதுக்குங்க? அது சும்மா நிக்கும், நாங்க அதுக்குப் பக்கத்துல சும்மா நிக்கறதா?”

அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். வருடத்துக்கு ஒரு தரம் எல்லோரும் ஒரு தூண் நகரட்டும். வெளிக்கல்லும் மூன்றடி ஏறட்டும். ஒவ்வொரு வருடமும் ஒரு வகையறா கல்லில் நிற்கட்டும். நியாயத்துக்காகச் சொன்னதாக ஊரில் பேர். எப்படியாவது நான்காம் தூணை விட்டுத் தப்பிக்க வேண்டும் என்று பரம்பரையாக இருந்த ஆசைதான் அது.

“எங்க வளவு அறுவது ஊட்டுக்கும் சேத்து ஒரு கை,” என்று முனகினான் மாரிமுத்து. “செரி. மொதல்ல ஒண்ணு.”

“மொதல் வருசம் கல்லு யாருக்குங்க?” என்றார் தங்கமணி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒரு கை

பங்குனியில் நோம்பி சாட்டக் கூடினோம். நான் வெளிக்கல்லில் நின்றேன். காலுக்கு அடியில் புதுச் செங்கல் மேடை, அதன்மேல் பழைய கல். வெயில் உச்சந்தலையில். சாவடிக்குள் நிழல், டியூப் லைட், பேச்சு. பத்தடிதான். பத்தடி எவ்வளவு தூரம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

நான்காம் தூணில் தங்கமணி; மற்றவர்கள் நகர்வது அடுத்த வருடத்திலிருந்துதான். முதலில் இப்படியும் அப்படியும் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினார்: “ஏனுங்க, இங்கிருந்து ஒண்ணுமே தெரியலீங்களே! இத்தனை காலமா எதப் பாத்துட்டு நின்னீங்க?”

சாவடியே சிரித்தது. பழனிசாமி கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார்.

நல்லசாமி நாளைச் சொன்னார். இரண்டாம் செவ்வாய். மூன்று தரம். கைகள் எழுந்தன. எனக்கு இருபது தூணும் தெரிந்தது. ஒன்று, ஐந்து, பதினான்கு, ஒன்பது. பத்தொன்பது தூணில் கை. தங்கமணியின் கை புடவைத் தலைப்பைப் பிடித்தபடி இருந்தது.

ரோட்டில் ஒரு மஞ்சள் லாரி வேகத்தைக் குறைத்து, என்னவோ ஏதோ என்று பார்த்துவிட்டுப் போயிற்று.

“என்ன அம்மிணி?” என்றார் நல்லசாமி.

“அந்த வாரம் ஆலையில கடேசி அரவைங்க. லீவு கேட்டா வேலைய உட்டு நிறுத்திருவாங்க. எங்க வளவுப் பொம்பளைக பாதிப்பேரு நோம்பிச் சாமி பொறப்பாடே பாத்ததில்ல. நாங்க கட்டற பந்தலுதான், ஆனா நாங்க பாத்ததில்ல. மூணாஞ் செவ்வாய்க்குத் தள்ளுங்க. அரவை முடிஞ்சிரும்.”

பத்தொன்பது பேரும் அவரையே பார்த்தார்கள். அத்தனை வருடம் அத்தனை கூட்டம் போட்டு நாள் குறித்திருக்கிறோம். யாரும் கேட்டதில்லை, அதனால் யாருக்கும் தெரிந்ததில்லை.

ஆறாம் தூண்காரர்தான் முதலில் தன் கையை எடுத்தார். ஒற்றைக் கை நின்றால் என்ன ஆகும் என்று அவர் பரம்பரைக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பத்தொன்பது கையும் இறங்கின. இருபது தூணும் வெறுமையாக நின்றன.

நல்லசாமி சொன்னார்: “மூணாஞ் செவ்வா.”

மூன்றாம் செவ்வாய்க்கிழமை எனக்கு அலுவலகத்தில் தணிக்கை. “அன்னிக்கு எனக்கு...” என்று ஆரம்பித்தேன். ஒருவர்கூடத் திரும்பவில்லை. கல்லில் நிற்பவனுக்குக் கை கிடையாது.

“மூணாஞ் செவ்வா,” என்றார் நல்லசாமி மறுபடியும். பத்தொன்பது கையும் தூணுக்குப் போய்விட்டன. அவரும் வேட்டியை உதறிக்கொண்டு கிளம்பத் தயாரானார்.

தங்கமணியின் கை அசையவில்லை.

“இன்னும் என்ன அம்மிணி? நீ கேட்ட நாளுதானே?”

“ரெண்டு தரந்தானுங்க சொன்னீங்க,” என்றார் தங்கமணி. “மூணு தரம் சொல்லோணும்.”

நல்லசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மூலையில் இருப்பவருக்கும் கல்லில் இருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி, மூன்றாம் தரமும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கை எழுந்தது.